சுண்ணாம்பில் பதிந்த முழங்கால்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே இருந்த தையல்நாயகியின் அலுவலகத்துக்கு ஜெசிந்தா வந்தபோது அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. திண்டிவனம் பக்கத்து மடத்தேரிப்பட்டில் பஸ் ஏறும்போது யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள். முந்தானையால் காயத்தை அழுத்திக்கொண்டு அவ்வளவு தூரமும் நின்றபடியே வந்திருக்கிறாள். எழுந்து இடம் கொடுக்க பஸ்ஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல ஜனங்கள்!

“எங்க வூட்டுக்காரரு இருதயராஜ கொலக் கேசுல புடிச்சிக்கினு போயிட்டாங்க மேடம். ஸ்டேஷன்ல அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. இன்னிக்கி ராத்திரி தாங்க மாட்டாரு” என்றாள்.

தையல்நாயகி குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்படுவதற்காகவே வக்கீல் மணிமாறன் கூட இருந்தார். மணிமாறன் அதற்குள் கார் சாவியோடு படியிறங்கிவிட்டார்.

காரில் ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். மடத்தேரிப்பட்டு மாதா கோயில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம், பீடம் சரியாகத் தெரியாத பக்கவாட்டுக் கூடத்தில் காலனி ஜனம். அந்தப் பக்கம், பீடத்துக்கு நேராக, ஊர் ஜனம். காலனியில் குடும்பங்கள் பெருகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் வெளியே வெயிலில் நின்று பூசை காண்கிறார்கள். ஊர்ப்பக்கத்து பெஞ்சுகளோ பாதி காலி. சுவரை எடுக்கச் சொல்லிக் கேட்டதும், இது பாரம்பரியக் கட்டடம், ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று ஊர்த் தரப்பு கிளம்பியது. மழைக்கு ஒழுகும் கூரையைப் பற்றி அதுவரை வாயே திறக்காதவர்களுக்கு பாரம்பரியத்தின் மேல் எங்கிருந்துதான் அத்தனை பாசம் வந்ததோ!

பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் ரஞ்சித் என்ற நிபுணரைப் புதுச்சேரியிலிருந்து ஊர்க்காரர்கள்தான் கூட்டிவந்தார்கள். நேற்று மதியம், வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்த ரஞ்சித் சுவரோரமாக மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் கடப்பாரை. காலையில் அதை வைத்து வேலை செய்தவன் இருதயராஜ்.

“சொவத்தக் காப்பாத்தறவன் மண்டயத்தான் மொதல்ல ஒடைக்கணும்னு முந்தாநாளு கூட்டத்துல கத்திட்டாரு மேடம். கோவத்துல வர்ற பேச்சு. கொல நடந்த நேரம் வூட்ல தூங்கிக்கினு இருந்தாரு. நான்தான் சாட்சி. நான் சொன்னா எவன் கேக்குறான்?”

காலனி முனையில் வைக்கோல்போர் எரிந்துகொண்டிருந்தது. மூட்டை மூட்டையாக மல்லாட்டைக் கடலை தெருவில் கொட்டி மிதிபட்டுக் கிடந்தது. கார் நின்றதும் பறந்து வந்த கல்லொன்று மணிமாறனின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் காதைப் பொத்திக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினார். தையல்நாயகி கதவைத் திறந்து, கல் வந்த திசையை நோக்கி நேராக நடந்தார். தடியோடு நின்ற இளவட்டங்கள் ஏனோ விலகி வழிவிட்டார்கள்.

கோயில் வாசலில் காவலுக்கு நின்ற எஸ்.ஐ. ஜெகதீசன் ஒரு காலத்தில் அவரிடம் வேலை பார்த்தவர். “கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம். இருந்தாலும் நீங்க பாக்கறதுன்னா பாருங்க” என்று உள்ளே விட்டார்.

சுவரிலும் தூணிலும் ரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. ஒரே அடியில் செத்த ஆள் இல்லை. விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். சுவரும் தூணும் சேரும் மூலையில் பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. ரஞ்சித்தின் உளி அங்கேயே கிடந்தது. தையல்நாயகி தன் கைக்குட்டையின் ஓரத்தை அந்த இடுக்கில் விட்டார். அது தடையில்லாமல் உள்ளே போனது.

அங்கிருந்து ரத்தக் கால்தடங்கள் பீடத்தின் முன்னால் குறுக்கே போய், எதிர்ப்பக்கம் சாமியார் உடை மாற்றும் அறையின் கதவில் முடிந்தன. பீடத்துக்கு நேர் முன்னால் நேற்றுக் காலை புதிதாகச் சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தார்கள். உதவிக்கு ஓடிவந்தவர்கள் அதை மிதித்துக் குழப்பியிருந்தார்கள். இரண்டு தடம் மட்டும் தப்பியிருந்தது: உருண்டையாக ஒரு முழங்கால் பள்ளம், அதற்கு வலப்பக்கம், சற்று முன்னால், ஒரு குதிகால்.

“ஓடறப்ப ஈரத்துல வழுக்கி வுழுந்துக்கிறான்” என்றார் ஜெகதீசன்.

“வழுக்கி விழறவன் கையை ஊன மாட்டானா ஜெகதீசன்? கைத்தடம் எங்கே?”

ஜெகதீசன் குனிந்து தளத்தில் தேடினார்.

மணிமாறனுக்குப் பொறுக்கவில்லை. “கான்ட்ராக்டர் ராஜ்குமார்தான் மேடம்! சிமென்ட் பூசக் கூடாதுன்னு ரஞ்சித் லோடையே திருப்பி அனுப்பிட்டாராம். பயங்கரச் சண்டையாம்!”

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, தையல்நாயகி பங்குச் சாமியாரைத் தனியே அழைத்தார். “ஃபாதர், நான் கிறிஸ்தவள் இல்லை. பீடத்தைக் கடந்து போகும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“நற்கருணை அப்பம் வைக்கும் பேழை பீடத்தில் இருந்தால் ஒரு முழங்கால் மடக்கி வணங்குவோம். வலது முழங்கால். சின்னப் பிள்ளையிலிருந்து பழக்கம்.” சாமியார் குரலைத் தாழ்த்தினார். “ஆனால் நேற்று பேழை இங்கே இல்லையே! தூசு விழும் என்று விடியற்காலையே கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். தெரிந்தால் ஊரில் அதற்கும் ஒரு கலாட்டா வரும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நானும் இருதயராஜும்தான் தூக்கிப் போனோம். அவன்தானே கோயில்பிள்ளை, மணியடிப்பது, பீடம் துடைப்பது எல்லாம் அவன் வேலை.”

“இன்னமும் யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றார் தையல்நாயகி.

வெளியே பந்தலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். பங்குப் பேரவைத் தலைவர் சவரிநாதன் வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் தம்பி அருளப்பன் பக்கத்தில் நின்றார். சற்றுத் தள்ளி, நெற்றியில் திருநீறோடு ராஜ்குமார்.

“காலனிக்காரன கோயில்புள்ளயா வெச்ச அன்னிக்கே நான் உள்ள கால் வெக்கறத வுட்டுட்டேன். ஒரு மாசம் ஆவுது. கொல பண்ணவனப் புடிச்சாச்சி. இன்னும் இன்னாம்மா விசாரண?” என்றார் சவரிநாதன்.

“ரெண்டே நிமிஷம். அந்த அறையில உக்காந்து பேசலாம், வாங்க” என்று தையல்நாயகி பீடத்துக்கு அப்பால் இருந்த அறையைக் காட்டினார். தளத்தின் மேல் பலகை போடச் சொல்லியிருந்தார். சாமியாரோடும் ஜெசிந்தாவோடும் சுவரோரம் நின்றுகொண்டு, மூவரையும் முன்னால் போகவிட்டார்.

ராஜ்குமார் கைகூப்பியபடி பீடத்தைக் கடந்தார். நிற்கவில்லை. அருளப்பன் வலது முழங்காலை மடக்கி எழுந்தார். கடைசியாக வந்த சவரிநாதன் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விறைத்த வலது காலை முன்னால் ஊன்றி, இடது முழங்காலைப் பலகையில் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“யாரை வணங்கறீங்க ஐயா? பேழை அங்க இல்லையே” என்றார் தையல்நாயகி.

சவரிநாதன் நிமிர்ந்து பார்த்தார். பீடம் வெறுமையாக இருந்தது.

“நேத்து விடியற்காலையிலிருந்தே இல்லை. அது இருதயராஜுக்குத் தெரியும், தூக்கினதே அவன். பழக்கத்துல அவனும் மண்டியிட்டிருக்கலாம்னு நீங்க சொல்லலாம். ஆனா சுண்ணாம்புல முழங்காலுக்கு வலப்பக்கம் குதிகால் பதிஞ்சிருக்கு. வலது கால் ஊன்றியிருக்கு, மடிஞ்சது இடது முழங்கால். வலது முட்டி மடங்காதவன்தான் அப்படி மண்டியிடுவான். ஒரு மனுஷனை அடிச்சுக் கொன்னுட்டு, ரத்தத்தைக்கூடத் துடைக்காம, ஆண்டவருக்கு மரியாதை பண்ணிட்டுப் போயிருக்கீங்க!”

“அவர் எதுக்கு ரஞ்சித்தைக் கொல்லணும்? சுவர் வேணும்னவரே அவர்தானே!” மணிமாறன் குழம்பிப்போனார்.

“ரஞ்சித் மனசு மாறிட்டார். மூலையைச் சுரண்டிப் பாத்திருக்கார். இந்தச் சுவர் தூணோட சேத்துக் கட்டினது இல்லை, பின்னால யாரோ கொண்டாந்து நிறுத்தினது. இதை எடுத்தா கோயிலுக்கு ஒரு சேதமும் கிடையாது. பாரம்பரியத்தை உண்மையா மதிச்சவர் அவர் ஒருத்தர்தான். அதை இவர்கிட்ட மறைக்கணும்னு அவருக்குத் தோணல.”

சவரிநாதனின் முகம் கருத்துப்போனது. “சொவத்த எடுத்துட்டா நாங்க எங்கடா உக்கார்றதுன்னு கேட்டேன். எல்லாரும் உக்கார்ற எடத்துலதான்னான். சொல்லிட்டுச் சிரிச்சான்மா! எங்க தாத்தா கட்டின சொவரு. என் காசுல வந்த நாயி, என்னப் பாத்துச் சிரிச்சான்!”

சொல்லிக்கொண்டே சுவரை நோக்கி வந்தவர், வேலையாட்கள் அங்கே சாத்தி வைத்திருந்த இன்னொரு கடப்பாரையை உருவி, ஜெசிந்தாவின் தலையைக் குறிவைத்து வீசினார். தையல்நாயகி அவளைப் பிடித்துக் கீழே தள்ளினார். கடப்பாரை சுவரில் மோதியது. செங்கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மறுபடி ஓங்குவதற்குள் ஜெகதீசன் பாய்ந்து சவரிநாதனைத் தரையில் சாய்த்தார். அந்த விறைத்த கால் மட்டும் உதிர்ந்த சுண்ணாம்பை உதைத்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பக்கம் போக அருளப்பனுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜெகதீசன் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது. “இருதயராஜப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்கம்மா. ரெண்டு கையும்... ஒடிஞ்சிருக்கு.”

“உயிரு கீதா சார்?” என்றாள் ஜெசிந்தா.

“இருக்கு. பயப்படற மாதிரி இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

ஜெசிந்தா அப்படியே ஊர்ப்பக்கத்து முன் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் குடும்பத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். அது அப்போது அவளுக்கே தெரியாது.

“அடிச்ச ஆளுங்க பேரு எனக்கு வேணும் ஜெகதீசன். அவங்களும் கோர்ட்டுக்கு வரணும்” என்றார் தையல்நாயகி. மணிமாறன் பேனாவைத் திறந்துகொண்டார்.

அதற்குள் செய்தி காலனிக்கு எட்டிவிட்டது. கடப்பாரையும் சம்மட்டியுமாகப் பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டே உள்ளே புகுந்தார்கள். சாமியார் தடுக்கவில்லை. முதல் ஆள் சம்மட்டியை ஓங்கியபோது ஜெசிந்தா எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“யாரும் தொடாதீங்க!”

“இன்னாக்கா, பைத்தியமா நீ? தள்ளிப் போ!”

“தொடாதீங்கன்றேன். அவரு கை கூடட்டும். அவரு வந்துதான் மொத அடி அடிக்கணும்.” மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, சத்தம் கேட்டு உள்ளே வந்து ஊர்ப்பக்கம் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். “அதுவரைக்கும் ஒரு செங்கல்லுகூடக் கொறையாம பாத்துக்கோங்க. உங்க பாரம்பரியமாச்சே!”