மூன்று குளிர்க் கிடங்குகள்

ஈரிஸ் வதனென் நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்து நின்றாள்.

“நான் எந்த எண்ணையும் இட்டுக்கட்டலை, தெல்லர்வோ. ஆனா அதை எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.”

தெல்லர்வோ ரூஸ்கா பல்கலைக்கழகத்தின் தொழிற்பொறியியல், மேலாண்மைத் துறையில் முதுநிலைப் பாடப்பணிகளைத் திருத்துபவர். மாணவர்மீது மோசடிப் புகார் வந்தால் விசாரிப்பதும் அவர்தான். புகார் அன்று காலையே வந்து மேசைமேல் கிடந்தது.

ஈரிஸின் பாடப்பணி ஹாகாயார்வி என்ற பின்லாந்துச் சிற்றூரில், சாசேஜ் என்ற இறைச்சிக் குழல் செய்யும் தொழிற்சாலையில் நடந்தது. மொத்த விற்பனைக் கிடங்கிலிருந்து வரும் ஆர்டரைப் பார்த்து, எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்று சொல்லும் கணக்குமுறை ஒன்றை அவள் அமைத்துக் கொடுத்திருந்தாள். அதை நம்பித் தயாரித்ததில், ஜூன் முடிவதற்குள் வழக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சரக்கு சேர்ந்துவிட்டது. வாங்க ஆளில்லை, கெட்டுப்போகும் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. களத்துக்கே போகாமல் ஈரிஸ் பொய் எண்களைக் கொடுத்துவிட்டதாக தொழிற்சாலை நிர்வாகி ரைனர் லிண்ட்ரூஸ் எழுதியிருந்தார். அது உறுதியானால் அவளுக்குப் பட்டம் கிடையாது.

தெல்லர்வோவின் ஆராய்ச்சி மாணவன் ஓட்சோ அதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டான். துப்பு என்றால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம்.

வழியில் தெல்லர்வோ பின்னிருக்கையில் இருந்த ஈரிஸிடம் திரும்பிக் கேட்டார்: “வந்த ஆர்டரை அப்படியே எடுத்துக்கிட்டியா?”

“கால் பங்கு மட்டும் கூட்டினேன். ஜூலைல எல்லாரும் லீவுல போயிடுவாங்களே, தயாரிக்க ஆள் இருக்காது, முன்னாடியே சேர்த்து வைக்கணும். அது அறிக்கையிலயும் எழுதியிருக்கு.”

“அது சாதாரணம்தானே” என்றான் ஓட்சோ.

முதலில் ஊர்க்கடை. கடைக்காரர் தாயிஸ்தோவின் குளிர்ப்பெட்டிகள் வாய்வரை நிரம்பியிருந்தன, பின்னறையிலும் அட்டைப்பெட்டிகள்.

“மழையில எவன் வெளிய அடுப்பு மூட்டிச் சாசேஜ் சுடுவான்?” என்றார் தாயிஸ்தோ. “பத்து பாக்கெட் வாங்கிக்கோ தம்பி, என் மச்சானையும் இனாமா தர்றேன்.”

“இவ்வளவு ஏன் வரவழைச்சீங்க?” என்று ஓட்சோ கேட்டான்.

“கால் பங்குதான் கூட்டிக் கேட்டேன். ஜூலைல இந்தப் பின்லாந்துல ஃபோன் எடுக்கிறதுக்குக்கூட ஆள் இருக்காதே.”

வெளியே வந்ததும் ஓட்சோ கிசுகிசுத்தான்: “இவர்தான். பேச்சுலயே தெரியுது.”

“கால் பங்கு கூட்டினா இரண்டரை மடங்கு வருமா?” என்றார் தெல்லர்வோ.

அடுத்து மொத்த விற்பனைக் கிடங்கு. அதன் பொறுப்பாளர் மார்கெத்தா, ஏரிக்கரை விடுமுறைக் குடிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் தூண்டிலைக் காரில் திணித்துக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் கேளுங்க. மீன் எனக்காகக் காத்திருக்காது.”

குளிர்க் கிடங்கின் கதவைத் திறந்து காட்டச் சொன்னார் தெல்லர்வோ. உள்ளே நடக்க இடமில்லை.

“கடைக்காரங்க கேட்டதுக்கு மேல எதுவும் கூட்டினீங்களா?”

“கூட்டாம? லாரி ஓட்டுறவங்களும் மனுஷங்கதானே, ஜூலைல குடிலுக்குப் போயிடுவாங்க. கால் பங்கு சேர்த்து வச்சேன்.”

“கடைக்காரர் ஏன் அதிகமா கேட்கிறார்னு விசாரிச்சீங்களா?”

மார்கெத்தா அவரை விநோதமாகப் பார்த்தார். “அது அவர் பாடு. நான் எதுக்குப் போய் நோண்டணும்?”

மறுநாள் தொழிற்சாலையின் காபி அறையில் எல்லோரும் கூடினார்கள். தாயிஸ்தோ சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்ற நப்பாசையில் வந்திருந்தார். மார்கெத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரைனர் ஏலக்காய் ரொட்டித் தட்டை நடுவில் நகர்த்தினார், யாரும் தொடவில்லை.

“ஈரிஸ் எண்களை இட்டுக்கட்டியிருந்தா சரக்கு எங்க தேங்கியிருக்கணும்?” என்று தெல்லர்வோ ஆரம்பித்தார்.

“இங்கதான். இந்தக் கிடங்குல” என்றார் ரைனர்.

“இங்க மட்டும்தான். ஏன்னா அந்த எண் தொழிற்சாலைக்குள்ள மட்டுமே இருக்கிற எண். ஆனா கடையும் நிரம்பியிருக்கு, மொத்தக் கிடங்கும் நிரம்பியிருக்கு. அவங்க நிஜமாவே கேட்டு வாங்கின சரக்கு அது. அவ கைக்கு வந்ததும் நிஜ ஆர்டர்தான்.”

ஈரிஸ் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

“அப்போ இரண்டரை மடங்கு எப்படி வந்துச்சு?” என்றார் ரைனர்.

“உங்களை ஒண்ணு கேட்கிறேன். ஈரிஸோட கணக்கு சொன்ன அளவைத்தான் தயாரிச்சீங்களா?”

ரைனர் கோப்பையைச் சுழற்றினார். “ஜூலைல பாதி ஆளுங்க இருக்க மாட்டாங்க. அதனால கொஞ்சம்...”

“கால் பங்கு?”

“...ஆமாம்.”

ஓட்சோ விரலால் மேசையில் எழுதிப் பார்த்தான். “கடைக்காரர் ஒரு கால். அது மேல மார்கெத்தா ஒரு கால். அது மேல ஈரிஸ், அது மேல நீங்க. நாலு தடவை பெருகினா கிட்டத்தட்ட இரண்டரை! ஒரே லீவுக்கு நாலு பேரும் தனித்தனியா சேர்த்திருக்கீங்க!”

“என்னை எதுக்கு இழுக்கிறீங்க? நான் ஒழுங்காத்தான் வேலை செஞ்சேன்” என்றார் மார்கெத்தா.

“அதுதான் சிக்கல்” என்றார் தெல்லர்வோ. “எல்லாரும் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. அடுத்தவர் வேலையில தலையிடக் கூடாதுன்னு யாரும் யாரையும் ஏன்னு கேட்கலை. இதை நான் வருஷா வருஷம் வகுப்புல சொல்லித்தர்றேன். அந்தத் தேர்வுல ஈரிஸுக்கு முழு மதிப்பெண். இருந்தும் அவளும் சேர்த்திருக்கா. என் குடிலுக்கு நானும் ரெண்டு மாசக் காபித்தூள் வாங்கி வச்சிருக்கேன்.”

ரைனர் சன்னலைப் பார்த்தபடி பேசினார். “குற்றவாளியே இல்லைங்கிறீங்க. ஒருத்தர் வேணும்னே செஞ்சதா இருந்தா காப்பீட்டுக்காரங்க ஈடு தருவாங்க. இல்லைன்னா சாயங்கால ஷிஃப்ட்டை மூடணும். எனக்கு வேற வழி தெரியலை.” கொஞ்சம் நிறுத்தி, ஈரிஸைப் பார்க்காமலே சொன்னார்: “உங்க அப்பாவும் அந்த ஷிஃப்ட்தான். மன்னிச்சிடு.”

ஈரிஸின் குரல் தெளிவாகவே வந்தது.

“நான்தான் இட்டுக்கட்டினேன்னு எழுதிக் கொடுத்தா?”

“ஈரிஸ்!” என்றான் ஓட்சோ.

“பட்டம்தானே போகும். சொல்லுங்க தெல்லர்வோ, ஷிஃப்ட் பிழைக்குமா?”

தெல்லர்வோ பதில் சொல்லாமல் இருக்க ஒரு வழி தேடியவர்போல ரைனரையும் மார்கெத்தாவையும் பார்த்தார்.

“பிழைக்காது. காப்பீட்டுக்காரங்களும் மூணு கிடங்கையும் வந்து பார்ப்பாங்க. நான் கண்டுபிடிச்சதை அவங்களும் கண்டுபிடிப்பாங்க. உன் பட்டமும் போகும், ஷிஃப்ட்டும் போகும்.”

புகாரில் உண்மையில்லை என்று எழுதிய தாளில் தெல்லர்வோ கையெழுத்திட்டார்.

வெளியே சாயங்கால ஷிஃப்ட் தொடங்கும் நேரம். வெள்ளை அங்கி அணிந்த ஆட்கள் வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரிஸைக் கண்டதும் அவள் அப்பா சிகரெட்டை அணைத்தார்.

“என்ன சொன்னாங்க? பட்டம் உண்டா?”

“உண்டுப்பா.”

“நான்தான் சொன்னேனே, நம்ம வீட்ல யாருக்கும் பொய் சொல்ற அளவுக்கு மூளை கிடையாதுன்னு.” அவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவளிடம் கை நீட்டி வாழ்த்தினார்கள். ஒவ்வொரு கையையும் அவள் பிடித்துக் குலுக்க வேண்டியிருந்தது.

அப்போது ரைனர் கதவைத் திறந்து, யார் முகத்தையும் பார்க்காமல், எல்லோரையும் ஒரு நிமிடம் உள்ளே வரச் சொன்னார். அப்பா மகளின் தோளைத் தட்டிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார்.