நல்லா இருக்கேன்ப்பா

ஏற்காட்டில் இறங்கி, கொட்டச்சேடு பஸ் மாறி, புத்தகம் அடைத்த டிரங்குப் பெட்டியைக் கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைக்க, ஜெயமேரி அந்த எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. எண்பத்து நாலாம் வருஷம், ஏப்ரல் மாசம். ஒரு மழை விழுந்து காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசனையென்றால் அப்படியொரு வாசனை, தலையே வலித்தது.

வீடு மாமா அருள்சாமிக்கு எஸ்டேட் கொடுத்தது. கணக்கெழுதும் ரைட்டரான அவர் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போனதில் பூட்டிக் கிடந்தது. "சத்தமில்லாத இடம், நல்லாப் படி" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எம்.எஸ்ஸி. கடைசிப் பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. டிசம்பரில் மெட்ராஸில் எழுதியதில் இரண்டு பேப்பர் ஊற்றிக்கொண்டது. சேலத்திலிருக்கும் அப்பாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? லூர்துராஜ் வாத்தியார் மாதா கோயில் வாசலில் நின்று, "எம்பொண்ணு பஸ்ட் கிளாஸுங்க" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிவிட்டாரே! இந்தத் தடவை எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தேறிவிட்டால் விஷயம் வெளியே வராமலே போய்விடும். தேறாவிட்டால்?

சோறு கொண்டு வர மாமா தொழிலாளர் லைனிலிருந்து பூவாயியை ஏற்பாடு செய்திருந்தார். மத்தியானம் தூக்குப்போசியை ஜன்னலில் வைத்துவிட்டு அவள் குரல் கொடுப்பாள்.

"ஏங் கண்ணு, வெச்சுட்டன். சூடு ஆறறதுக்குள்ள உண்டுபோடு சாமி."

"சரிங்க்கா" என்று உள்ளேயிருந்தே சொல்வாள் ஜெயமேரி. எழுந்திருக்க மாட்டாள். எழுந்தால் கால் மணி நேரம் போய்விடுமே! தூக்கம் வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப உட்காருவாள். ஒரே பக்கத்தை நாலு தரம் படித்தும் மண்டையில் ஏறவில்லை. கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள்தான் கவனித்தாள். தூக்குப்போசி காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தது.

குரங்கு வேலை என்று நினைத்தாள். குரங்கு சோற்றைத் தின்னும், சரி. பாத்திரம் கழுவுமா?

அதற்கடுத்தது கட்டில். முதல் நாளிலிருந்து அவள் அதில் படுக்கவே இல்லை. புத்தகம் எடுக்கப் போனவள் தற்செயலாகக் கையை ஊன்றினாள்.

தலையணை குழிந்திருந்தது.

சூடாக இருந்தது.

"வந்தப்ப ஒடிஞ்சு உழறாப்புல இருந்த. இப்ப நொம்பத் தெளிஞ்சுட்ட கண்ணு" என்று மறுநாள் ஜன்னலுக்கு வெளியே பூவாயி பூரித்துப்போனாள். "காத்தால குழாயடியில பாத்தனே, எத்தன அழகாச் சிரிச்ச!"

ஜெயமேரி வாசற்படி தாண்டி நாலு நாளாகிவிட்டது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டிருந்தாள். பயந்து ஓடியிருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. அப்பாடா, நமக்குப் பதிலாக ஒருத்தி சிரித்துக்கொண்டு திரிகிறாள், இனி யாரும் நம்மைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் கொடுமை.

பதினோராம் நாள் மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு வாய் சாப்பிடலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். எதிரே பூவாயி நின்றாள். அவள் கையிலிருந்த தூக்குப்போசி விழுந்து குழம்பு படியெல்லாம் வழிந்தது.

"ஆரு நீயி? எங்க கண்ணு எங்க?"

"அக்கா, நான்தாங்க..."

"ஐயோ, மாரியாத்தா!"

பூவாயி பனிக்குள் ஓடி மறைந்தாள். ஜெயமேரி கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்கு நகர்ந்து தரையில் சாய்ந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. முன்னறையில் பேச்சுக் கேட்டது.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன்ப்பா."

கேட்டது அப்பா. பதில் சொன்னது அவளுடைய குரல்.

அவள் வாய் மூடித்தான் இருந்தது.

"தூங்கறியா?"

"நல்லாத் தூங்கறேன்ப்பா."

"இல்ல, பத்து நாள்ல நாலு கார்டு போட்டிருக்க. மாசம் ஒண்ணு போடறதுக்கே உன்னயக் கெஞ்சோணும். அதான் மனசு கேக்காம பஸ் ஏறி வந்துட்டேன்."

ஜெயமேரி ஒரு கார்டுகூடப் போடவில்லை.

"நல்லா இருக்கேன்ப்பா. கெளம்புங்க, பஸ் போயிடும்."

நாற்காலி நகர்ந்தது. அப்பா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அவர் போய்விட்டால் அவ்வளவுதான். இனி யாரும் அவளைத் தேடி வரமாட்டார்கள். காணாமல் போனதாகவே யாருக்கும் தெரியாதே! கூப்பிடப் பார்த்தாள். கூப்பிட்டால் அந்த இரண்டு பேப்பரையும் சொல்லியாக வேண்டும்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

"அப்பா! நான் நல்லா இல்லப்பா! டிசம்பர்லயே பெயிலுப்பா!"

செருப்புச் சத்தம் படியிலேயே நின்றது.

லூர்துராஜ் ஓடி வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப, இந்நேரம் எங்கிட்டப் பேசிட்டு இருந்தது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையைத் திரும்பிப் பாராமல் ரோட்டுக்கு நடந்தார். பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

சேலத்தில் மனநல டாக்டரிடம் காட்டினார்கள். பரீட்சை இப்போது வேண்டாம், வேளைக்குச் சோறு, தூக்கம், மனசில் இருப்பதை மறைக்காமல் யாரிடமாவது சொல்வது, இதுதான் முதல் வைத்தியம் என்றார் அவர். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு, நான் என்ன புலியா?" என்று அப்பா தேம்பி அழுதார். அவளும் அழுதாள். அன்றிலிருந்து, தூக்கம் வராவிட்டால் வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுவாள்.

ஜூன் மாசம், ஒரு மத்தியானம். ஜெயமேரி இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் கொடுத்த கார்டைப் படித்த அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. எச்சில் கையோடு எழுந்து போய் அவள் எட்டிப் பார்த்தாள்.

ஏற்காட்டு முத்திரை. நேற்றைய தேதி. எழுத்து அவளுடையது.

'அன்புள்ள அப்பாவுக்கு, நான் நல்லா இருக்கேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். அங்கே வீட்டில் இருக்கும் ஜெயமேரியைக் கேட்டதாகச் சொல்லவும்.'