மோனோவா, ஸ்டீரியோவா: ஆணையத்தின் இறுதித் தீர்ப்பு

“உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் ஒரு நூற்றாண்டாகச் சுமந்துவந்த மாபெரும் ஐயம் ஒன்று, வரும் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்து மணிக்கு, வில்லிவாக்கம் இன்ப அளவை ஆணைய அரங்கில் அறிவியல் முறைப்படி நிரந்தரமாக நீக்கப்படும். அதன் பிறகு அந்த ஐயத்தை யாரும் வைத்துக்கொள்ளலாகாது. அரங்கில் சுண்டல் வழங்கப்படும்.”

சமையலறைச் சுவர்த்திரை கணீரென்று வாசித்து முடித்தது. பரஞ்சோதி பாலை இறக்கிவைத்துவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றார். ஒற்றைத்தடக் கழகத்தின் தலைவர் என்ற முறையில் அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை.

ஐயம் இதுதான். ‘லெவல் கிராசிங்’ என்ற ராக் இசைக்குழுவின் ‘கேட் சாத்தியிருக்கு’ என்ற ஆல்பத்தை மோனோவில் கேட்பது மேலா, ஸ்டீரியோவில் கேட்பது மேலா?

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பைச் சேர்ந்த நான்கு பையன்கள் 1971இல் பதிவுசெய்த ஒரே ஆல்பம் அது. எல்லா ஓசைகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே இடத்திலிருந்து வரவைக்கும் மோனோவை அந்தப் பையன்களே ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்தார்கள். பிறகு அவர்கள் பிரியாணி சாப்பிடப் போனார்கள். போன நேரத்தில், வெளிநாட்டு விற்பனைக்காக என்று, ஸ்டூடியோ உதவியாளர் ஒருவர் ஓசைகளை இடது காதுக்குப் பாதி, வலது காதுக்குப் பாதி என்று பங்கு பிரித்து ஸ்டீரியோவை முடித்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன், ஆல்பத்தின் நூற்றாண்டை முன்னிட்டு ஒரு நிறுவனம் இரண்டு நாடாக்களையும் தூசு தட்டி, மெருகேற்றி, ஒரே பெட்டியில் போட்டு வெளியிட்டிருந்தது. ஊர் இரண்டாகிவிட்டது.

மோனோக்காரர்கள் ஒற்றைத்தடக் கழகம் கண்டார்கள். கேட்பதற்கு முன் மூன்று மணி நேரம் தயிர் தொடக் கூடாது என்பது அவர்கள் விதி. கபம் கட்டினால் அடிநாதம் கலங்குமாம். ஸ்டீரியோக்காரர்களின் இரட்டைத்தட மன்றமோ, நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பதற்கே முந்நூறு பக்கத்தில் விளக்கவுரை எழுதிவைத்திருந்தது.

பெரிய சண்டை மூன்றாவது பாட்டில் வரும் ரயில் பற்றியது. ஸ்டூடியோவுக்குப் பின்னால் தண்டவாளம். பதிவின் நடுவே ஒரு வண்டி ஊதிக்கொண்டு போய்விட்டது. ஸ்டீரியோவில் அந்த ஊதல் இடமிருந்து வலமாகப் போகும். மோனோவில் அது எங்கும் போகாது. நேராக வந்து நெஞ்சில் நிற்கும்.

இப்படிப்பட்ட சண்டைகளைத் தீர்ப்பதற்காகவே அரசு இன்பமானியைக் கொண்டுவந்திருந்தது. காதுமடலில் கடுக்கன்போல ஒட்டிக்கொள்ளும் பருப்பளவுக் கருவி. மூளையில் மகிழ்ச்சி ஊறும் இடங்களை வெளியிலிருந்தே மோப்பம் பிடித்து, பூஜ்யத்திலிருந்து நூறு வரையிலான ஓர் எண்ணாக ஒளிரவிடும். போட்டிருப்பவருக்குத் தன் எண் தெரியாது. எதிரில் இருப்பவருக்குத் தெரியும். கழற்றிவைக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் கழற்றியவர் எதையோ மறைக்கிறார் என்று ஊர் முடிவுகட்டியது.

அது வந்த வேகத்தில் நூல் வெளியீட்டு விழாக்கள் ஒழிந்தன. சம்பந்தி வீட்டுப் பந்தியில் “சாம்பார் அமிர்தம்” என்றவரின் காதில் ஒன்பது எரிந்ததால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. பரஞ்சோதியின் கல்யாணம் நடந்து முடிந்த பிறகு நின்றது. அலுவலகத்தில் நடந்ததை அவர் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மனைவி லோசனியின் காதில் நான்கு ஒளிர்ந்தது. “உங்களுக்கு மட்டும் என்ன, ஆறுதானே,” என்றாள் அவள். இருவரும் மரியாதையாகப் பிரிந்தார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறுதோறும் காலையில் எட்வின் வருவான். கல்லூரிக் காலத்து நண்பன், இரட்டைத்தட மன்றத்தின் தலைவன், லெவல் கிராசிங்கில் டிரம்ஸ் வாசித்தவரின் பேரன் என்று சொல்லிக்கொள்பவன். இருவரும் தேங்காய் மூடி அளவுக்குப் பழைய ஹெட்போன்களை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒருவர் மோனோ, ஒருவர் ஸ்டீரியோ. பாட்டு ஓடும்போதே ஹெட்போனைக் கழற்றாமல் கத்திக்கொள்வார்கள். மதியச் சாப்பாடு வரை கத்தல். சாப்பிட்ட பிறகு மறுபடியும். ஹெட்போன் காதை முழுக்க மூடிவிடுவதால் அங்கே யாருடைய எண்ணும் யாருக்கும் தெரிந்ததில்லை.

இப்போது ஆணையம் அந்தச் சண்டையை நிரந்தரமாகத் தீர்த்துவைக்கப் போகிறது. தீர்ந்துவிட்டால் எட்வின் எதற்கு வருவான்?

தொலைபேசியில் எட்வினின் குரலிலும் உற்சாகம் இல்லை.

“பார்த்தியா மேன் அறிவிப்பை? ரெண்டு தலைவர்களும் மேடையில உட்காரணுமாம். உன்னையும் என்னையும்.”

“பார்த்தேன்.”

“தோத்துட்டு அழாத.”

“நீ கைக்குட்டை எடுத்துக்கினு வா,” என்றார் பரஞ்சோதி. கடமைக்குத்தான் சொன்னார்.

ஞாயிறன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் கழகம், மறுபக்கம் மன்றம். நடுவே போலீஸ். மேடைக்கு மேலே அகலத் திரையில் ஒவ்வொருவரின் எண்ணும் தெரியும்படி செய்திருந்தார்கள். ஹெட்போன்களுக்குத் தடை, எல்லாருக்கும் பொதுவான ஒலிபெருக்கிகள். ஆணையத்தின் தலைமை அளவையாளர் டாக்டர் திரிபுரசுந்தரி மைக்கைப் பிடித்து, தீயைக் கண்டுபிடித்த நாளுக்கும் இந்த நாளுக்கும் உள்ள ஒற்றுமையை விரிவாக எடுத்துரைத்தார். பேச்சு முடியும்போது அரங்கின் சராசரி மூன்று. அவர் திரையின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்துகொண்டார்.

முதலில் மோனோ. கழகத்தினர் கண்களை மூடினார்கள். சிலர் கைகூப்பினார்கள். ஒரு பெண்மணி விசும்பினார்.

திரையில் கழகத்தின் சராசரி பன்னிரண்டு என்று வந்தது.

பன்னிரண்டு என்பது பேருந்துக்காக நிற்பவர்களுக்கு வரும் எண். விசும்பிய பெண்மணியின் எண் எட்டு.

மன்றத்தின் பக்கம் சிரிப்பு வெடித்தது. அடுத்து ஸ்டீரியோ ஓடியது. மன்றத்தினர் தலையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பரவசமானார்கள். சராசரி பதினொன்று.

“கருவியில கோளாறு!” என்று இரு தரப்பும் முதன்முறையாக ஒரே குரலில் கூவின. டாக்டர் திரிபுரசுந்தரி தன் உதவியாளருக்கு ஒரு கை சுண்டல் கொடுத்துச் சோதித்தார். எழுபத்து நான்கு. கருவியில் கோளாறு இல்லை.

“ரயில் வர்ற இடத்துல ஒலிபெருக்கி தப்பா நிக்குது,” என்று எட்வின் எழுந்தான். “அரக்கோணம் போற வண்டி அது. வலது பக்கம் போய் முடியணும்!”

பரஞ்சோதிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “யோவ், அது அரக்கோணம் போனா என்ன, அஸ்தினாபுரம் போனா என்ன? நீ பாட்டு கேக்க வந்தியா, வண்டி புடிக்க வந்தியா?”

“உன் காதை என்ன, பெரம்பூர் பட்டறையிலயா வார்த்தாங்க? ரெண்டு காது எதுக்கு மேன் குடுத்தான் கடவுள்?”

“கண்ணாடி மாட்டுறதுக்கு!”

“நாலு பேரையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டுனா மாதிரி இருக்கு உன் மோனோ.”

“உன் ஸ்டீரியோவுல பாடுறவன் ஒரு ரூம்ல, கிடார்க்காரன் இன்னொரு ரூம்ல. சொத்துத் தகராறாடா நடக்குது?”

அரங்கம் மெல்ல அடங்கியது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரஞ்சோதி தொண்ணூற்று மூன்று. எட்வின் தொண்ணூற்று நான்கு. இருவருக்கும் பின்னால் திரை, அவர்கள் பார்க்கவில்லை. கீழே இரு தரப்பும் ஒன்றையொன்று வைய ஆரம்பித்தபோது அரங்கின் சராசரி எண்பதைத் தாண்டியது. இன்பமானி வந்த நாளிலிருந்து ஓர் அரங்கம் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

டாக்டர் திரிபுரசுந்தரி தழுதழுத்த குரலில் தீர்ப்பு வழங்கினார். மோனோவும் வெல்லவில்லை, ஸ்டீரியோவும் வெல்லவில்லை. இன்பம் ஆல்பத்தில் இல்லை. ஆல்பத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் இருக்கிறது. மனித குலத்துக்குப் புதியதோர் இன்பச் சுரங்கம் கிடைத்திருக்கிறது.

பரஞ்சோதி அப்போதுதான் திரும்பி எட்வினின் எண்ணைப் பார்த்தார். ஒரு மனிதக் காதில், அதுவும் தன் எதிரில், தொண்ணூற்று நான்கு ஒளிர்ந்து அவர் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. நல்லவேளையாக எட்வின் சுண்டல் வாங்கப் போயிருந்தான்.

சுரங்கத்தைத் தோண்டத் தாமதம் ஆகவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எதிர்க்கருத்தாளரை ஆணையம் ஒதுக்கியது. மாலை வேளைகளில் அவர் வந்து, நாம் எதைச் சொன்னாலும் மறுத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் ‘சண்டைப் பதிப்பு’ என்று ஒரு புதிய பெட்டி போட்டது. அதில் பாட்டே கிடையாது. பரஞ்சோதியும் எட்வினும் மேடையில் போட்ட சண்டை மட்டும், மெருகேற்றப்பட்டு, மோனோவிலும் ஸ்டீரியோவிலும். ஸ்டீரியோவில் பரஞ்சோதி இடது காதிலும் எட்வின் வலது காதிலும் கத்தினார்கள். மோனோவில் இருவரும் ஒரே வாயால் கத்தினார்கள். எது மேல் என்று ஊர் இரண்டானது.

ஆனால் எண்கள் ஏறவில்லை. சண்டை தன் மகிழ்ச்சிக்காக என்று தெரிந்துபோனவன் எதிராளியைப் பார்த்து நன்றியோடு புன்னகைத்தான். புன்னகையைப் பார்த்த எதிராளிக்குத் திட்ட வாய் வரவில்லை. “தாங்கள் சொல்வதை வன்மையாக மறுக்கிறேன், காபிக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுப் போகும் எதிர்க்கருத்தாளர்களால் தெருக்கள் நிறைந்தன. சராசரி பழையபடி பன்னிரண்டுக்கு வந்தது. ஆணையம் பட்டாணிச் சுண்டலை ஆராயத் தொடங்கியது.

எட்வின் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்தான். இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்றாவது பாட்டில் ரயில் வந்தது.

“உன் காதுல ஈயத்தைக் காய்ச்சித்தான் ஊத்தணும் மேன்,” என்றான் எட்வின்.

வாய் வரை வந்த பதிலைப் பரஞ்சோதி நிறுத்திக்கொண்டார். எட்வினின் முகத்தில் ஒரு பரிவு தெரிந்தது. நோயாளியின் வாயில் கஞ்சி ஊற்றுபவன் முகத்தில் இருக்கும் பரிவு.

“எனக்காகத் திட்டுறியாடா?”

“சே சே.” எட்வின் பாட்டின் ஒலியைக் குறைத்தான். “நீதான் தொண்ணூத்து மூணு போனியே. வாராவாரம் உனக்கு அதுகூடக் குடுக்கலன்னா எப்படி?”

“நீ தொண்ணூத்து நாலு. அதான் நானும் காலையில இருந்து நாலு வசவு யோசிச்சு வச்சிருந்தேன்.”

“சொல்லு, பார்ப்போம்.”

பரஞ்சோதி ஒன்றைச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. எட்வின் தலையாட்டி, “நல்லாருக்கு,” என்றான். இரண்டாவதைக் கேட்கவில்லை.

ஹெட்போன்களைக் கழற்றிவைத்தார்கள். எட்வினின் காதில் பத்தொன்பது. தன் காதில் என்ன இருந்தது என்று பரஞ்சோதி கேட்கவில்லை. எட்வின் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது போதுமாக இருந்தது.

ஒலிபெருக்கியில் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டார்கள். மோனோவா ஸ்டீரியோவா என்று எந்தப் பொத்தானையும் யாரும் பார்க்கவில்லை. பேசாமல், குறுக்கே விழாமல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாடியவன் மேல் ஸ்தாயியில் திணறினான். டிரம்ஸ் சில இடங்களில் முந்திக்கொண்டு ஓடியது. கிடார்க்காரனுக்கு மொத்தம் மூன்று யோசனைகள்தான் இருந்தன; மூன்றையும் இரண்டாவது பாட்டிலேயே செலவழித்திருந்தான்.

பாட்டு நின்ற பிறகு எட்வின் தொண்டையைச் செருமினான்.

“ஜோதி, தப்பா எடுத்துக்காத. சுமாரா இல்ல?”

“சுமார்தான்.”

“எங்க தாத்தாவே வாசிச்சிருந்தாலும் சுமார்தான்.”

“ஆமா.”

அவ்வளவுதான். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். எட்வின் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் ஒரு கணம் தயங்கி, “வரேன் மேன்,” என்றான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லப் பரஞ்சோதிக்குத் தோன்றியது. சாப்பிட்ட பிறகு என்ன பேசுவது என்று தெரியாததால் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. பரஞ்சோதி துணி துவைத்தார்.