ரீஸுக்கு என்ன பிடிக்கும்?

இரண்டாம் உலக யுத்த காலம் அது. கொழும்பு வெள்ளவத்தையில், சிறுமி கனகேஸ்வரியின் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வருவார். பெயர் ரீஸ். மீசைகூட ஒழுங்காய் முளைக்காத ஆள்! வந்தால் கனகேஸ்வரியோடு கரம்போட் விளையாடுவார், சாப்பிடுவார், போவார். பட்டாளத்துக்கு வருமுன் தன் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்.

பிறகு அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். போனவர் போனவர்தான். சண்டையில் இறந்துவிட்டார் என்று அவருடைய கூட்டாளி ஒருவர் வந்து சொன்னார்.

கனகேஸ்வரி அழுது அழுது முகம் வீங்கிப்போனாள்.

"அம்மா, ரீஸ் அண்ணைக்கு எட்டுச் செலவு செய்வமே?"

இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம்.

"அவர் எங்கட ஆக்களில்லையே, பிள்ளை."

"அவற்ற ஊரில ஆர் படைப்பினம்? ஒருத்தரும் படைக்காட்டி அவர் பசியோட எல்லோ இருப்பார்!"

அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "சரி. அவருக்கு என்ன பிடிக்கும்?"

அங்கேதான் சிக்கல். சொதி கொடுத்தால், "நைஸ்" என்பார். உறைப்புக் குழம்பு கொடுத்தால், கண்ணீர் வடிய வடிய, "வெரி நைஸ்" என்பார். பொல்லாத மரியாதைக்காரர்! உண்மையில் எது பிடித்தது என்று யாருக்குத் தெரியும்?

கனகேஸ்வரி சாப்பாட்டை விட்டுவிட்டு ரீஸையே யோசித்தாள். சாப்பிட்டு முடிந்ததும் நேரே முற்றத்துக்குப் போவார். கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்பார்.

"அம்மா, வெயில்!"

"என்ன வெயில்?"

"அவருக்கு வெயில்தான் பிடிக்கும்! அங்க குளிர் காலத்தில விடிய முன்னம் சுரங்கத்துக்க இறங்கினா, இருட்டின பிறகுதான் ஏறுவினமாம். ஞாயிற்றுக்கிழமையில மட்டுந்தான் வெயில் பாக்கிறதாம்."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, 'வெயிலுக்க நிக்காதையுங்கோ தம்பி' எண்டு நான் எத்தனை தரம் உள்ளுக்குக் கூப்பிட்டனான்! அந்தப் பிள்ளையும் சிரிச்சுக்கொண்டு வந்ததே!"

சேதி வந்த எட்டாம் நாள். இப்படியான படையலை எல்லோரும் பொழுதுபட்ட பிறகு வீட்டுக்குள்தான் வைப்பார்கள். இவர்கள் உச்சி வேளையில் முற்றத்து நடுவே வாழையிலை விரித்தார்கள். சோறும், உறைப்பே போடாத கறியும் வைத்துக் கும்பிட்டார்கள்.

அம்மாவின் முகத்தில் வியர்வை வழிந்தது.

"சுடுதே அம்மா? உள்ளுக்குப் போவமே?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, இலைக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இரு பிள்ளை. அவர் ஆறுதலா வெயில் காயட்டும்."