குயினின் மூச்சில் ஒரு மணம்

“ஐயோ! என்ரை குயினைச் சாக்காட்டிப் போட்டான்!”

உரும்பிராயில் அந்த ஒழுங்கையே அதிர்ந்தது.

குயின் ஒரு ஆடு. நிறைசினை. கொட்டிலில் சரிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது... பார்வை இல்லை!

ஆட்டின் சொந்தக்காரி குணலட்சுமி வாயில் மிளகை அதக்கியபடி, வந்து நின்ற பொலிஸுக்கு வேலியோரம் கையை நீட்டிக் காட்டினாள்.

அங்கே ஒரு இன்சுலின் ஊசி!

“உவன்தான் குத்தினவன், சேர்! இந்த ஒழுங்கையிலை உவனுக்குத்தான் சீனி வருத்தம்!”

பக்கத்து வீட்டுச் செந்தூரன் வெளிறிப் போனான்.

“ஊசி என்ரைதான். வேலிக்குள்ளை எறிஞ்சது பிழைதான். ஆனா நான் குத்தேல்லை!”

“போன கிழமை இவவுக்கு என்ன சொன்னனீர்?”

கேட்டவர் சார்ஜன்ட் எமில்ராஜ். குருநகர்க் கடற்கரைக் கத்தோலிக்கர். மீனைப் பற்றி விடிய விடியக் கதைப்பார். ஆடு என்றால் அவருக்குக் கறி.

“தோட்டத்திலை நட்ட என்ரை வாழைக்குட்டியிலை வாய் வைச்சா ஆட்டைக் கொல்லுவன் எண்டனான்... கோவத்திலை, சேர்!”

“ஏறும் ஜீப்பிலை.”

“சேர்! வாற மாசம் கனடா! பொலிஸிலை பேர் விழுந்தா விசா போச்சு!”

“ஆடும்தான் போகப் போகுது.”

அந்த நேரம் மிருக வைத்தியர் துஷாந்தினி வந்து இறங்கினாள். நேரே போய்க் குயினின் வாயருகே மூக்கை வைத்தாள். எமில்ராஜ் முகத்தைச் சுளித்தார்.

“அழுகின பழ மணம். இவரை விடுங்கோ. இது இன்சுலின் குத்தினதாலை வந்ததில்லை.”

“மணந்து பாத்தே சொல்லுறியள்?”

“ஓம். இன்சுலின் கூடினா உடம்புக் கொழுப்பு கரையாது. இது கொழுப்பு கரைஞ்ச மணம்.”

“ஏன் கரைஞ்சது?”

“ஆடு தின்னுற தீனிலையிருந்துதான் அதின்ரை ஈரல் சீனி செய்யும். இந்த வயிறைப் பாத்தா உள்ளை ரெண்டு குட்டி. ரெண்டும் சீனியை உறிஞ்சுது. தீனும் இல்லையெண்டா இரத்தத்திலை சீனி விழும், கூடவே இன்சுலினும் விழும். பிறகு கொழுப்பு கரைஞ்சு நஞ்சாகி மூளைக்கு ஏறும்.”

குளுக்கோஸ் போத்தல் கூரையில் தொங்கியது.

“தப்பும். ஆனா ஆரோ இதைப் பட்டினி போட்டிருக்கினம்!”

“பட்டினியோ?” குணலட்சுமி சீறினாள். “ஆர் பட்டினி போட்டது? அது விரதம்!”

“விரதமோ?” துஷாந்தினி திரும்பினாள்.

“கந்தசட்டி! போன முறை குட்டியள் செத்துப் பிறந்தது. அதுதான் முருகனுக்கு நேர்ந்தனான். எனக்கு மிளகும் தண்ணியும்... அதுக்குத் தண்ணியும் ஒரு பிடி குழையும். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பிடிச்சனாங்கள். இண்டைக்கு அஞ்சாம் நாள்...”

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. குயினின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

“ஐயோ... நானெல்லோ உன்னைக் கொல்லப் பாத்தனான்!”

எமில்ராஜ் தொப்பியைக் கழற்றினார்.

“தங்கச்சி, தபசுகாலத்திலை நாங்கள் ஆட்டிறைச்சியை விடுவம். ஆட்டை விரதம் பிடிக்க விடுறேல்லை.”

பின்னேரம் குயின் தலையைத் தூக்கியது. முதல் வேலையாக வேலிக்கு அப்பால் செந்தூரனின் தோட்டத்தைப் பார்த்தது.

செந்தூரன் எழுந்து போனான். ஒரு வாழைக்குட்டியை வெட்டி வந்து அதன் முன்னால் போட்டான்.

“விரதம் முடியிற சூரன்போர் நாளைக்குத்தான். பரவாயில்லை... நீ இண்டைக்கே சாப்பிட்டுப் பாறணையை முடி!”