பல் வைத்த பதக்கம்

காப்பி ஆறுவதற்குள் லோசனி தன் கணவனின் நேற்றைய நாளைப் பார்த்து முடித்துவிடுவாள். நெடுந்தொண்டியில் எல்லா மனைவிமார்களுக்கும் அதுதான் காலை வேலை. எல்லாக் கணவன்மார்களுக்கும் அதேதான்.

வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ நிலாவில், பனிப்பாறையைக் குடைந்து கட்டிய ஊர் அது. அங்கே எதற்கும் எடை குறைவு. டம்ளரைத் தூக்கிக் காப்பியை ஆற்றினால் அது அவசரப்படாமல், பட்டுச்சேலை நழுவுவதுபோல டவராவுக்குள் இறங்கும். அந்த நேரத்தில் லோசனி கண்ணை லேசாகச் சுருக்குவாள். நெற்றிக்குள் இருக்கும் உளுந்தளவு விழிச்சில்லு, முந்தின நாள் திருமேனி கண்ட காட்சிகளை அவள் கண்ணுக்குள் ஓட்டும்.

கல்யாணத்தில் மாலை மாற்றியதும் பார்வை மாற்றுவது அந்த ஊர் வழக்கம். அவன் பார்த்தது அவளுக்கும் அவள் பார்த்தது அவனுக்கும் மறுநாள் காலையில் வந்து சேர்ந்துவிடும். கண் மட்டும்தான்; காது கிடையாது. முதலில் குடியேறியவர்கள், குறுகிய சுரங்கங்களில் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே பாதிப் பேர் பிரிந்துபோன பிறகு கொண்டுவந்த ஏற்பாடு இது. அப்புறம் ஊரில் திருட்டில்லை, புரட்டில்லை, கதவுக்குத் தடுப்புகூட இல்லை. "சந்தேகமே இல்லாத ஊர்" என்று பூமிக்குப் போகும் விளம்பரங்களில் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள்.

திருமேனியின் நாள் பார்ப்பதற்குச் சலிப்பானது. அவனுக்குக் காப்புரிமைக் காப்பகத்தில் வேலை. சிந்தனைப்பொறிகள் தினமும் மூட்டை மூட்டையாகப் புதிய கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யக் கேட்டு அனுப்பும். அவை உண்மையிலேயே புதுசுதானா என்று பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல ஒரு மனிதன் வேண்டும். நீராவிப் பொறி, நூற்பு எந்திரம், தையல் மிஷின் என்று ஆயிரத்து எண்ணூறுகளின் வரைபடங்களையே அவன் கண் மேய்ந்துகொண்டிருக்கும். பல்சக்கரமும் தகடும் தண்டுமாக வரும் அந்தப் பகுதியை லோசனி எப்போதும் வேகமாகத் தள்ளிவிடுவாள்.

ஆனால் கொஞ்ச நாளாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருட்டு.

"மதியத்துல என்ன பண்றீங்க?" என்று கேட்டிருந்தாள்.

"தூங்குறேன். வயசாகுதுல்ல?"

தூக்கம் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்தவளுக்குத் தெரியாதா? தூக்கத்தின் இருட்டு அசையாமல் கிடக்கும். இந்த இருட்டில் இமைகள் துடித்தன. சிவப்பு மங்கி, மறுபடி சிவந்தது. விழித்திருக்கும் ஒருவன் வேண்டுமென்றே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தால்தான் அப்படி இருக்கும். ஒரு ஆம்பிளை கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய காரியம் என்ன? யோசிக்க யோசிக்க அவளுக்குக் காப்பி கசந்தது.

போதாததற்கு, வீட்டுக்கு வரும்போது அவன் விரல்களில் ஏதோ எண்ணெய் வாசனை. ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டு. கேட்டால் "காகிதம் கிழிச்சிருச்சு" என்றான். நெடுந்தொண்டியில் காகிதம் ஏது?

முந்தின நாள் சாப்பிடும்போதுகூட எவ்வளவு சகஜமாகப் பேசினான்! அடுத்த வீட்டிலிருந்து அவன் அக்கா செண்பகமும் வந்திருந்தாள். காப்பகத்தில் படித்த பழங்கதை ஒன்றை எடுத்துவிட்டான்.

"பூமியில ஒரு காலத்துல ஆளுக்கு ஒரு கண்ணாடிப் பலகை கையிலயே வச்சிருப்பாங்களாம். அவங்கவங்க விரல் பட்டாதான் திறக்குமாம். பொண்டாட்டி பக்கத்துல வந்து உக்காந்தா, மெல்ல அதைக் குப்புறக் கவுத்து வச்சிருவாங்களாம்."

"எதுக்குலே கவுக்கணும்?" என்றாள் செண்பகம்.

"ஒண்ணும் இருக்காதாம்க்கா. ஆனாலும் கவுத்துருவாங்களாம்."

"காட்டுமிராண்டிங்க!" என்று சொல்லி மூன்று பேரும் சிரித்தார்கள். லோசனிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பார்வைப் புதுப்பிப்பு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சபையின் முன்னால் தம்பதிகள் நெற்றியோடு நெற்றி வைக்க வேண்டும். ஒருவர் நெற்றியை நீட்டாவிட்டால் அதோடு முடிந்தது. இணைப்பும் போகும், கல்யாணமும் போகும். அந்த ஒரு மணி நேரம் என்னவென்று தெரியாமல் நெற்றியை நீட்டுவதில்லை என்று லோசனி அன்று காலையில் தீர்மானம் செய்தாள்.

அவன் வேலைக்குப் போன சற்று நேரத்தில் சலவைப்பொறி முனகிக்கொண்டு நின்றது. "துணி அல்லாத பொருள்" என்று சொல்லி எதையோ தட்டில் துப்பியது.

விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனையில் வளையம். மறு முனையில் ஏற்ற இறக்கமாகப் பற்கள். வீட்டின் பொருளறிவானிடம் காட்டினாள். கடையில் விற்கும் எதையும் அது நொடியில் அடையாளம் சொல்லிவிடும். இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "உடைந்த சீப்பு" என்றது.

லோசனி நேராகச் செண்பகத்தின் வீட்டுக்குப் போனாள். செண்பகம் அதை வாங்கி, வளையத்தில் சங்கிலியைக் கோத்துத் தன் கழுத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"பதக்கம்ட்டி இது."

"பதக்கத்துல எதுக்கு மதினி பல்லு?"

"இது பாதிதான். இன்னொரு பாதியில இதே மாதிரி பள்ளம் இருக்கும். ரெண்டையும் சேத்தா ஒண்ணா பொருந்தும். கூடப்பொறந்தவனைப் பத்தி நானே சொல்லக்கூடாது..." செண்பகம் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பாதி எவ கழுத்துல தொங்குதோ!"

"உங்க தம்பி அப்படிப்பட்ட ஆளா மதினி?"

"யாரும் அப்படிப்பட்ட ஆள் இல்லட்டி. கண்ணைத் தொறந்து வச்சிருக்குற வரைக்கும்."

அதற்குமேல் லோசனியால் உட்கார முடியவில்லை. பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு காப்பகத்துக்குக் கிளம்பினாள். கணவன் வேலை செய்யும் இடத்துக்கு அவள் நடந்து போனதே கிடையாது. தினமும் பார்க்கிற இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? போன பிறகுதான் அங்கே ஒரு பின்னறை இருப்பது தெரிந்தது. அவன் கண் திறந்து ஒருநாளும் பார்க்காத அறை.

திருமேனி சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தான். அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை. மேசைமேல் இரும்புத்தூள் மினுங்கியது. நடுவில் தேங்காய் அளவு இரும்புப் பெட்டி. எவளுக்கு எதை இதற்குள் வைத்திருக்கிறான்? மூடியைத் தூக்கினாள். அது அசையவில்லை. நெடுந்தொண்டியில் எந்த மூடியும் அவள் கையை மறுத்ததில்லை. "திற" என்று சொல்லிப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு துளை இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரே இருட்டு. அவள் கணவனின் மதியத்தைப் போலவே.

கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவித் துளைக்குள் விட்டு நெம்பினாள். உள்ளே எதுவோ எழும்பி, "டக்" என்று எங்கோ போய் உட்கார்ந்தது. மூடி மட்டும் அப்படியே இருந்தது.

வெளியே காலடி கேட்டது. லோசனி அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

திருமேனி கண்ணை மூடிக்கொண்டே உள்ளே வந்தான். கைகளால் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். பெட்டியை மடியில் எடுத்து வைத்து, கன்றுக்குட்டியைத் தடவுகிறமாதிரி தடவினான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவன் சிரித்த சிரிப்பு அது. பிறகு அவன் சட்டைப்பையைத் துழாவினான். இன்னொரு பையையும் துழாவினான். சிரிப்பு போய்விட்டது.

"இதைத்தானே தேடுறீங்க?"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். அவள் பதக்கத்தை அவன் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

"லோசனி! நீ எங்க இங்க?"

"யாரு அவ?"

"எவ?"

"இதோட மறுபாதியைக் கழுத்துல போட்டிருக்கவ!"

திருமேனி அவளைப் பார்த்தான், அதைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டுகிறவரை சிரித்தான்.

"அடியே, இது கழுத்துல போடுறது இல்ல. இதுக்குச் சாவின்னு பேரு. இந்தப் பெட்டியில இருக்கறது பூட்டு. அந்தக் காலத்துல அடுத்தவன் திறக்கக்கூடாதுன்னா இதை வச்சு மூடிருவாங்க. ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சத்துல காப்புரிமை வாங்கின பூட்டு. காலம் தாண்டிப்போனதால யார் வேணாலும் செஞ்சுக்கலாம். படத்தைத்தான் தினமும் பாத்திருப்பியே."

அவள் தினமும் தள்ளிவிட்ட படம்.

"இதைச் செய்ய எதுக்குக் கண்ணை மூடணும்?"

"மூடாம செஞ்சா மறுநாள் காலையில உனக்குத் தெரிஞ்சுபோகுமே! அரத்தைப் பிடிச்சுத் தடவித் தடவியே தேய்ச்சேன். விரல்கூட வெட்டுச்சு. வெள்ளிக்கிழமை குடுக்கலாம்னு இருந்தேன். சரி, இப்பவே பாரு."

சாவியை வாங்கித் துளையில் விட்டான். திருப்பினான். திரும்பவில்லை. மறுபடியும் முயன்றான். அவன் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"லோசனி, இதுல எதையாவது விட்டியா?"

"இல்லையே."

நெடுந்தொண்டியில் யாருக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அவளுக்கும் அது சரியாக வரவில்லை. கை தானாகவே கொண்டைக்குப் போனது.

"கொண்டை ஊசி" என்றாள் தலையைக் குனிந்து.

"இந்தப் பூட்டோட விசேஷமே அதான்" என்றான் அவன், பெருமையும் வருத்தமும் கலந்த குரலில். "திருடனைத் தடுக்குற பூட்டு அப்ப நிறைய இருந்துச்சு. இது வேற. சாவியைத் தவிர வேற எதை விட்டு நெம்பினாலும் உள்ள ஒரு தகடு அளவுக்கு மீறி எழும்பி மாட்டிக்கும். அப்புறம் சொந்தச் சாவிக்கே திறக்காது. யாரோ கை வச்சுட்டாங்கன்னு காட்டிக்குடுத்துரும். சாவியை எதிர்ப்பக்கமா ஒரு தடவை திருப்பினாத்தான் தகடு கீழ இறங்கும்."

எதிர்ப்பக்கம் திருப்பினான், டக். நேராகத் திருப்பினான், மூடி எழும்பியது.

லோசனி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"காலியா இருக்கு?"

"உன்னோடது. நீதான் எதையாவது வைக்கணும்." அவன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "பன்னிரண்டு வருஷமா நீ பாத்ததை எல்லாம் நானும் பாத்துட்டேன். உனக்குன்னு ஒரு சாண் இடம்கூட நான் விட்டுவைக்கல. அதான். ஒரே ஒரு சாவிதான் செஞ்சிருக்கேன். இன்னொண்ணு செய்யமாட்டேன்."

லோசனி அழுதாள். அந்த நிலாவில் கண்ணீர்கூட அவசரமில்லாமல்தான் விழும். அது தாடைக்கு வருவதற்குள் அவன் துடைத்துவிட்டான்.

செண்பகம் மட்டும் நம்பவில்லை. "காலிப் பெட்டிக்கு எவனாவது விரலை வெட்டிக்குவானாட்டி? நீ போறதுக்குள்ள உள்ள இருந்ததை எடுத்திருப்பான்" என்றாள். லோசனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சபையில், அழைப்பதற்கு முன்னாலேயே நெற்றியை நீட்டினாள். சபையார்கூடச் சிரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பெட்டியின் முன் உட்கார்ந்தாள். எதை வைப்பது? அம்மா கொடுத்த தோட்டை அவன் பார்த்திருக்கிறான். அவள் எழுதிய எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவன் அறியாத பொருள் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கடைசியில் ஒரு விளையாட்டுப்போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வெறும் கையை உள்ளே விட்டாள், எடுத்தாள், பூட்டினாள். மனசுக்கு என்னவோ குளுகுளுவென்று இருந்தது. சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் காப்பி ஆற்றும்போது திருமேனியின் புருவம் ஒருமுறை சுருங்கியதை அவள் கவனித்தாள். அவளுடைய சின்ன இருட்டுக்கு வந்துவிட்டான் போலும்.

"நேத்து... பெட்டியில எதுவும் வச்சியா?"

"வச்சா என்ன, வைக்காட்டி என்ன? உங்களுக்கு எதுக்கு?" என்று கேலியாகச் சொன்னாள்.

"அதானே. எனக்கு எதுக்கு?" என்று அவனும் சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் பார்வை பெட்டியைவிட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கம்போல அவனுடைய நேற்றைய நாளைப் பார்த்தாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஓர் இருட்டு. ரொம்பச் சின்னது. இமைகள் துடித்தன. சிவப்பு மங்கி, மறுபடி சிவந்தது.

லோசனி டம்ளரைக் கீழே வைத்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, பெட்டியின் துளையில் சாவியை விட்டுத் திருப்பினாள்.

திரும்பவில்லை.

தலையை உயர்த்தி எதிரே பார்த்தாள். திருமேனி கண்ணை மூடிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் சாவியை எதிர்ப்பக்கம் ஒருமுறை திருப்பி, பிறகு நேராகத் திருப்பி மூடியைத் திறந்தாள். எப்போதும்போல ஒன்றுமில்லாத பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தாள். பூட்டினாள். பிறகு அவன் பக்கத்திலிருந்து அதைத் தன் பக்கமாக இழுத்து, துளை கீழே போகும்படி, குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.