ஒன்பது முறை சாப்பிட்ட மீன்கள்

அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்த குளத்தில் பாசி மண்டிவிட்டது. கல்லைப் போட்டால்கூட மேலேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் மூழ்கியது.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் மாமா தினமும் வலையால் பாசியை அள்ளினார். ஓரத்துச் சம்புப் புல்லையும் விடவில்லை. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்குமென்று, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, நீருக்கு அடியில் அறுத்தார். சம்பு ஒரு மூலையோடு அடங்கிவிட்டது. பாசியோ மூன்றே நாளில் திரும்பி வந்தது.

"மாசக் கடைசிக்குள்ள தண்ணி தெளியலேன்னா, குளத்தை மூடி வண்டி நிறுத்தப் போறாங்களாம்" என்றார் மாமா.

வாலுவுக்குப் பகீரென்றது. வாலு என்பது அந்தக் குடியிருப்பில் இருந்த ஒரு சிறுமிக்கு எல்லோரும் வைத்த பெயர். தினமும் காலையில் மீன்களுக்கு ரொட்டி போடுவாள். பாவம், அவளை விட்டால் அவற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

பாசி ஏன் வருகிறது என்று மாமாவைத் துளைத்தாள். தண்ணீரில் ஏதாவது அழுகினால் பாசிக்கு அதுதான் உரம் என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் ரொட்டியோடு வந்தவள், எது அழுகுகிறது என்று பார்க்கச் சம்பு மறைவில் உட்கார்ந்தாள். தையல்கார அக்கா வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னை விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?" என்று பிஸ்கட்டைக் கொட்டினார். அடுத்து பல் டாக்டர். அதே பார்வை, அதே கேள்வி. இப்படியே ஏழு பேர். மீன்கள் தின்றது பாதி, அடியில் போனது பாதி.

எட்டாவதாக வந்தவர் கையில் முழு பன் இருந்தது.

"அப்பா, நீங்களுமா?"

அப்பா பன்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "ஒரே ஒரு துண்டுதான்டா."

"நான் ஒன்பதாவது ஆள்பா" என்றாள் வாலு. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கரையில் ஒரு பலகையைத் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் 'பசிக்குது', மறுபக்கம் 'சாப்பிட்டாச்சு'. முதலில் வருகிறவர் ஒரு பிடி போட்டுவிட்டுப் பலகையைத் திருப்ப வேண்டும். மற்றவர்கள் அடுத்த நாள் முந்திக்கொள்ள வேண்டியதுதான்.

மாமாவின் வலையில் பாசி நாளுக்கு நாள் குறைந்தது. மாசக் கடைசியில் எல்லோரும் கரையில் கூடினார்கள். அடியில் கிடந்த கூழாங்கல்வரை தெரிந்தது. வண்டி நிறுத்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பல் டாக்டர் குனிந்தார். மீன்கள் ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. "பாவம், எவ்வளவு பசி பாரு."

"நடிக்குதுங்க டாக்டர். இப்பத்தான் தையல்கார அக்கா போட்டாங்க" என்றாள் வாலு.

டாக்டர் பிஸ்கட்டை வெளியே எடுத்தார். மீன்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.